டேங்க் நிரப்பினால் மட்டும் வரும் பெட்ரோல் வாடை: மடிப்பாக்கத்துக் கார் ஒன்றின் முழு விவரம்

வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். பி.எஸ்.4, எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும் வகை), இரும்பு டேங்க். எழுபதாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியிருந்தது. ஓனர் மடிப்பாக்கத்தில் குடியிருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை. காருக்குள் பெட்ரோல் வாடை என்பதுதான் புகார். 2024 ஜூனில் ஆரம்பித்த வாடை, ஆகஸ்டில் எங்கள் ஷெட்டுக்கு வண்டி வரும்வரை தீரவில்லை. அதற்குள் இரண்டு இடங்களில் காட்டிவிட்டார். ஒரு இடத்தில் டேங்க் மூடியை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் நான்கு இன்ஜெக்டருக்கும் புது ஓ-ரிங் போட்டார்கள். அதற்குப் பிறகும் வாடை வருகிறதே என்று கேட்டதற்கு, "பெட்ரோல் வண்டின்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும் மேடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பதிலைத்தான் முதலில் மறுக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. சூடான இன்ஜினை நிறுத்தியதும் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியாகி பானெட்டைச் சுற்றி வாடை வரும். அம்பாசடரும் பத்மினியும் ஓட்டியவர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பெட்ரோல் திறந்த வெளியைப் பார்ப்பதே இல்லை. டேங்கிலிருந்து இன்ஜெக்டர் முனைவரை எல்லாம் மூடிய பாதை. ஆவிக்குக்கூடத் தனிக் குழாயும் அதைப் பிடித்துவைக்கக் கரி டப்பாவும் உண்டு. அப்படிப்பட்ட வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் மூக்குக்குப் பெட்ரோல் வந்தால் ஏதோ ஒரு இடம் திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குப் பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். பெட்ரோலில் பென்சீனும் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால்தான் நம் நாட்டில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் தினமும் ஏறி இறங்கும் வண்டியில் இதைப் 'பழகிக்கலாம்' என்று விடவே கூடாது.

கேட்டுத் தெரிந்துகொண்டவை

வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் ஓனரை உட்காரவைத்துப் பேசினேன். வாடை வழக்கில் ஸ்பேனரைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் வேலை செய்யும். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று சரியாகத் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

ஜூனில் என்ன மாறியது என்று கேட்டேன். அந்த மாதம்தான் அவருக்கு சிங்கபெருமாள் கோவில் தாண்டி ஒரு பள்ளிக்கு மாறுதல் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் பள்ளி பக்கத்திலேயே இருந்ததால் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டால் நாளைக் கடத்திவிடலாம். மாறுதலுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டேங்க் ஃபுல் பண்ணிவிடுவார். அப்போ வாடை எந்தக் கிழமை அதிகம்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "திங்கள், செவ்வாய்தான். வியாழக்கிழமை வாக்கில் சரியாயிடும். நானும் அது தானா சரியாகுதுன்னு விட்டுடுவேன்" என்றார்.

கூடவே அவருடைய மாமியாரும் வந்திருந்தார். மருமகள் போகும் வழியில் தாம்பரத்தில் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு, இவரை வண்டலூர் தாண்டி மகள் வீட்டில் இறக்கிவிடுவது வழக்கமாம். இவர் பின் சீட்டில் உட்காருபவர். "பாலம் ஏறும்போதுதான் தம்பி குமட்டுது. இறங்கும்போது அவ்வளவாத் தெரியல" என்றார். எந்தப் பாலம் அம்மா என்று கேட்டேன். வண்டலூர் மேம்பாலம். முன் சீட்டில் இருக்கும் ஆசிரியைக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். அதனால் தினமும் ஓட்டுகிறவரைவிட எப்போதாவது ஏறுகிறவர், அதுவும் பின்னால் உட்காருகிறவர் சொல்வதை நான் அதிகம் நம்புவேன்.

ஏசியை வெளிக்காற்று எடுக்காத நிலையில் வைத்தாலும் வாடை குறையவில்லை என்றார்கள். பானெட்டுக்குள் ஒழுகினால் வாடை கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத்துளை வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே வரும். அந்த வழியை அடைத்தால் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் வாடை வேறு வழியில் நேராக உள்ளே வருகிறது. பின் சீட்டுக்கு அடியிலும் டிக்கிப் பக்கமும் பார்க்க வேண்டும்.

அப்புறம் கடைசியாக, அவர்கள் வாடையோடு சேர்த்தே நினைக்காத ஒரு விஷயம். பங்கில் டேங்கை நிரப்பிவிட்டு வண்டியை எடுக்கும்போது உடனே ஸ்டார்ட் ஆகாதாம். மூன்று நான்கு தடவை செல்ஃப் அடித்தால் இருமிக்கொண்டு கிளம்புமாம். பேட்டரி வீக் என்று நினைத்திருக்கிறார்கள். இதை என் நோட்டில் தனி வரியாக எழுதிக் கோடு போட்டு வைத்தேன்.

வெள்ளத்தில் மாட்டிய வண்டியா என்றும் கேட்டேன். மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை வண்டி என்றால் இந்தக் கேள்வி கட்டாயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி, இரண்டு நாள் நின்றிருக்கிறது. வடிந்த பிறகு இழுத்துப்போய் ஒரு இடத்தில் டேங்கைத் திறந்து சுத்தம் செய்திருக்கிறார்கள். அதாவது டேங்கின் மேல்வாயை ஒருவர் திறந்து மூடியிருக்கிறார். எப்படி மூடினார் என்பதுதான் இனிக் கேள்வி.

கால் டேங்க் வண்டியில் எதுவும் தெரியாது

வண்டி வந்தபோது டேங்கில் கால் பாகம்தான் இருந்தது. சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு வருவது நம் ஊரில் எல்லோரும் செய்வது. ஷெட்டில் பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வண்டிக்கு அதுதான் வினையாகிவிட்டது. நிறைந்தால் மட்டும் ஒழுகும் டேங்கைக் காலியாகக் கொண்டுபோய்க் காட்டினால் எந்த மெக்கானிக்குக்கும் வாடை வராது. வாடை இல்லாத வண்டியில் அவர் அனுபவத்தில் அதிகம் பார்த்த பொருளை மாற்றுவார். மூடியும் ஓ-ரிங்கும் மாறியது இப்படித்தான்.

நிரப்புவதற்கு முன்பு, கால் டேங்கிலேயே பார்க்கக்கூடியதைப் பார்த்து முடித்தேன். பானெட்டைத் திறந்ததும் எலிப் புழுக்கை கிடந்தது. சென்னையில் எலி கடித்த பெட்ரோல் ஹோஸ் சாதாரணம். மழை பெய்தால் சூடான இன்ஜின் மேல் வந்து உட்கார்ந்து ரப்பரையும் ஒயரையும் கொறிக்கும். அதனால் ஹோஸ் முழுவதையும் டார்ச் அடித்து, கையால் திருப்பி, அடிப்பக்கமும் பார்த்தேன். ஒயர் உறை ஒன்றில் பல் பட்ட அடையாளம் இருந்தது, பெட்ரோல் ஹோஸில் இல்லை. இன்ஜெக்டர் வரிசையில் டி ஃபிட்டிங் போட்டு, பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினேன். மூன்று பாருக்கு ஏறியது. சாவியை அணைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தபோதும் முள் பெரிதாக இறங்கவில்லை. ஓ-ரிங்கோ இன்ஜெக்டரோ ஒழுகியிருந்தால் இப்படி நிற்காது. ஆயில் குச்சியை முகர்ந்தேன். பெட்ரோல் வாடை இல்லை, அளவும் ஏறவில்லை. பின் சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி, பெட்ரோல் ஊற்றும் குழாயைப் பார்த்தேன். கடற்கரைப் பக்க வண்டிகளில் அந்த மறைப்புக்குப் பின்னால் சேரும் சேறும் உப்புக்காற்றும் சேர்ந்து இரும்புக் குழாயையே ஓட்டை போட்டுவிடும். இதில் மேல்துரு மட்டும். ரப்பர் இணைப்பும் கிளாம்பும் நன்றாக இருந்தன.

கேஜ் நின்றதை வைத்து 'லீக் இல்லை' என்று முடித்துவிடக் கூடாது. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்புக்குப் பிறகு வரும் அழுத்தப் பாதையைத்தான் அது சோதிக்கிறது. டேங்கின் மேல் பாகத்தில் அந்த அழுத்தம் கிடையாது. அங்கே சிந்துவதும் ஆவி கசிவதும் கேஜுக்குத் தெரியவே தெரியாது.

பின் சீட்டைத் தூக்கினேன். அடியில் கம்பளம், அதற்கடியில் கருப்புப் பிசின் பட்டை வைத்து ஒட்டிய தகட்டு மூடி. வெள்ளத்துக்குப் பிறகு திறந்தவர் அந்தப் பட்டையைத் திரும்ப ஒட்டவில்லை. இரண்டு ஸ்க்ரூவோடு தகடு சும்மா உட்கார்ந்திருந்தது. வாடை சீட்டுக்கு வரும் வழி இதுதான். தகட்டை எடுத்ததும் டேங்க் தெரிந்தது. வெள்ளத்து வண்டல் காய்ந்து வெளிர் மண் நிறத்தில் டேங்க் முழுவதும் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. பம்ப்பைப் பிடித்து வைக்கும் வட்டத் தகட்டின் பின்விளிம்பில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு அந்தப் படலம் கழுவிவிட்டதுபோல் இல்லை. இரும்பு பளபளத்தது. அந்த இடத்தைச் சுற்றி ஓரம் பழுப்பாக வரி கட்டியிருந்தது. பெட்ரோல் ஒழுகிக் காய்ந்தால் ஈரம் மிஞ்சாது, தூசியை அரித்த தடம்தான் மிஞ்சும். எண்ணெய்க் கசிவு தூசியைச் சேர்க்கும், பெட்ரோல் தூசியைத் துடைத்துவிடும். தேடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கண்ணில் வைத்துக்கொள்வது நல்லது.

தடம் பின்விளிம்பில் இருந்தது மாமியார் சொன்னதோடு அப்படியே பொருந்தியது. ஏற்றத்தில் டேங்கில் இருக்கும் பெட்ரோல் பின்பக்கம் சாயும். நிறைந்த டேங்கில் அது மேல்தகட்டையே தொடும். இறக்கத்தில் முன்னால் போய்விடும். இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் கழற்ற விரும்பவில்லை. பங்குக்குப் போய் நாஸில் முதல் முறை கட் ஆகும்வரை போட்டுக்கொண்டு வந்து, ஷெட் வாசலில் இருக்கும் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினோம். பின் கதவு இரண்டையும் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்திலிருந்த போல்ட் தலையைச் சுற்றி ஈரம் வட்டமாகப் பரவ ஆரம்பித்தது. அப்போது அடித்த வாடையை முகர்ந்துவிட்டு, "இதுதாங்க அந்த வாடை" என்றார் ஆசிரியை.

திறப்பதற்கு முன்னால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வாடை வந்ததும் வீட்டிலேயே சீட்டைத் தூக்கிப் பார்க்கும் ஆர்வம் பலருக்கு வருகிறது. பார்ப்பதில் தவறில்லை. பம்ப்பைக் கழற்றுவது வேறு.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தரையாகப் பரவிப் பள்ளத்தில் தேங்கும். நம் ஊர் ஷெட்களில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கக் குழி இருக்கும். பெட்ரோல் டேங்க் வேலையைக் குழி மேல் நிறுத்திச் செய்யவே கூடாது. அந்தக் குழியில் ஆவி நிறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் கம்ப்ரஸர் மோட்டார் கிளம்பும்போது வரும் பொறி போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் கார் நிறுத்துமிடமும் இதே கதைதான்.

வண்டியை வெட்டவெளியில், நிழலில், சமதளத்தில் நிறுத்தினோம். முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்கினோம். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். ஒயர் போட்ட பல்ப் விளக்கு வேண்டாம், டார்ச் மட்டும். பீடி, சிகரெட் பேச்சுக்கே இடமில்லை. உலர் பவுடர் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருந்தது. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீர் மேலேறிப் பரவும் என்பதைப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் ஒவ்வொரு முறையும் சொல்வதுண்டு. வடித்த பெட்ரோலை மூடியுள்ள உலோக கேனில் பிடித்தோம்.

முழு டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. வடித்த டேங்கில் உள்ளே முழுவதும் ஆவியும் காற்றும்தான். 'பெட்ரோல் எடுத்தாச்சு, இனிப் பயமில்லை' என்று டிரில்லையோ வெல்டிங்கையோ கிட்டே கொண்டுபோகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

உள்ளே இருந்தது

வட்டத் தகட்டில் எட்டு போல்ட். பின்விளிம்பில் இருந்தது மட்டும் போல்ட்டே இல்லை. நம்பர் பிளேட்டுக்குப் போடும் தகட்டு ஸ்க்ரூ ஒன்றை அதில் திணித்திருந்தார்கள். டேங்க் பக்கத்து மரை போய்விட்டது, கிடைத்ததை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். பம்ப்பைத் தூக்கியதும் அடுத்தது தெரிந்தது. சீல் பழையது. டேங்கின் மேல்வாய் சீல், பெட்ரோலில் ஊறிக் கொஞ்சம் பெரிதாகிவிடும் பொருள். ஒரு முறை கழற்றினால் அது தன் பள்ளத்தில் திரும்ப உட்காராது, ஒரு பக்கம் மடிந்துகொண்டு நிற்கும். இதில் அந்த மடிப்பு ஸ்க்ரூ இருந்த இடத்துக்கு நேர் கீழே தகட்டில் கடிபட்டு, பாதி ஆழத்துக்கு வெட்டுப்பட்டிருந்தது. அதைச் சரிக்கட்ட சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். ஆயில் சேம்பருக்கு நன்றாக உழைக்கும் அந்தப் பேஸ்ட் பெட்ரோலில் நிற்காது. ஊதிப்போய், உரிந்து, கருப்புத் துணுக்குகளாகப் பம்ப்பின் அடி வலையில் ஒட்டியிருந்தது. இன்னும் சில மாதம் ஓடியிருந்தால் நெடுஞ்சாலை நடுவில் பம்ப் மூச்சுத் திணறி நின்றிருக்கும்.

புது சீல் சில நூறு ரூபாய்ப் பொருள். வெள்ளத்துக்குப் பிறகு நூறு வண்டி வரிசையில் நிற்கும்போது பார்ட் கிடைக்காமல் போயிருக்கலாம், அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கிடைக்கவில்லை என்று ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அரை டேங்குக்கு மேல் போடாமலாவது அவர் இருந்திருப்பார்.

டேங்கைக் கீழே இறக்கினோம். போன மரையை ஒரு சைஸ் பெரிதாக, டேப் என்ற கையால் திருகும் மரை வெட்டும் கருவி கொண்டு வெட்டினோம். டேப்பில் கிரீஸ் தடவிக்கொண்டால் இரும்புத் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மேல்வாயைத் துணி வைத்து அடைத்துக்கொண்டோம். வட்டத் தகட்டின் துளையைத் தனியே எடுத்துப்போய் ஃபைலால் அகலப்படுத்தினோம். டேங்கை உள்ளே துடைத்து, வலையை மாற்றி, உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கிய கம்பெனி சீலை எதுவும் தடவாமல் உலர்வாக வைத்தோம். போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டால் புது சீலும் மறுபக்கம் மடியும். தகட்டு மூடிக்குப் புதுப் பிசின் பட்டை.

ஆசிரியை இடையில் ஒன்று கேட்டார். எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால் வந்ததா? 2023 பிப்ரவரியில் இ20 (நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல்) அறிமுகமானதிலிருந்து எங்களிடம் வருகிற பத்துப் பேரில் பாதிப்பேர் கேட்கும் கேள்வி. 2014 வண்டியின் ரப்பர் இ20-ஐ மனதில் வைத்துச் செய்ததல்ல என்பது உண்மை. எத்தனால் அதிகமானால் சிலவகை ரப்பர் சீக்கிரம் ஊதும், இறுகும், வெடிக்கும். அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸ்களை வருடம் ஒருமுறை வளைத்துப் பார்ப்பது அவசியம் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் இந்த வண்டியில் ஹோஸ்கள் எல்லாம் நெகிழ்வாக இருந்தன. சீலில் இருந்தது கடிபட்ட வெட்டு. அதை எத்தனால் தலையில் போடுவது நியாயமில்லை.

மிச்சமிருந்த ஒரு வரி

இந்த இடத்தில் வண்டியைக் கொடுத்தனுப்பியிருக்கலாம். உள்ளே வாடை நின்றுவிட்டது. ஆனால் நோட்டில் கோடு போட்ட வரி அப்படியே இருந்தது. டேங்க் நிரப்பியதும் ஏன் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது? மேல்வாய் சீல் கசிந்தால் வாடை வரும், ஸ்டார்ட்டிங் கெடாது. கண்டுபிடித்த பழுது புகாரின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லவில்லை என்றால் இன்னொரு பழுது பாக்கி என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

டேங்கில் உண்டாகும் ஆவி ஒரு குழாய் வழியாகக் கரி டப்பாவுக்குப் போகிறது. மெக்கானிக்குகள் கேனிஸ்டர் என்போம். உள்ளே இருக்கும் கரித்துகள் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது வண்டியின் கம்ப்யூட்டர், கேனிஸ்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் பர்ஜ் வால்வைத் திறக்கும், வெளிக்காற்று கரி வழியாகப் புகுந்து, பிடித்துவைத்த ஆவியை இன்ஜினுக்கு இழுத்துப்போகும், அது எரிந்துவிடும். இன்ஜின் நின்றால் வால்வு மூடியிருக்க வேண்டும். கேனிஸ்டர் ஆவிக்காகச் செய்தது. அதில் திரவப் பெட்ரோல் போனால் கரி ஊறிக் கெட்டுப்போகும்.

ஸ்கேனர் மாட்டினேன். ஐடிலில் ஃப்யூல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் கூட்டல் கழித்தல், மைனஸ் பதினெட்டு சதவீதம் வாக்கில் நின்றது. இன்ஜினுக்கு எங்கிருந்தோ கணக்கில் இல்லாத பெட்ரோல் வருகிறது, அதைச் சமாளிக்கக் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் குறைத்துக்கொண்டே போகிறது என்று பொருள். கேனிஸ்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸை இடுக்கியால் மெதுவாக அழுத்திப் பிடித்தேன். எண் கண் முன்னாலேயே ஏறி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வால்வைக் கழற்றி, கரண்ட் கொடுக்காமல் ஊதிப் பார்த்தேன். மூடியிருக்க வேண்டிய வால்வு காற்றை விட்டது. வாயில் கருப்புப் பொடி ஒட்டியிருந்தது. கேனிஸ்டரை எடுத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம். சாய்த்ததும் கரி கலந்த பெட்ரோல் ஒழுகியது. டேங்க் நிரப்பும்போது வெளியேறும் ஆவி, மூடாத வால்வு வழியாக நின்ற இன்ஜினுக்குள் போய் நிறைந்ததால்தான் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது.

எப்படி நிரம்பியது என்று கேட்டால் பதில் பங்கில் இருக்கிறது. நாஸில் முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் ஏறி அந்தத் துளையை மூடியதும் உள்ளே காற்று இழுப்பது தடைபட்டு நாஸில் தானாக அணைந்துவிடும். அதற்கு மேலே டேங்கில் இருக்கும் காலிப் பகுதி ஆவிக்கும், வெயிலில் பெட்ரோல் விரிவதற்கும் விட்ட இடம். நாம் என்ன செய்கிறோம்? 2,430-இல் கட் ஆனால், "ரவுண்டா 2,500-க்குப் போட்டுடவா?" என்று கேட்கிறார்கள், சரி என்று தலையாட்டுகிறோம். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய சென்னையில் அந்த எழுபது ரூபாய் என்பது முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனையும் ஆவிக்கான இடத்தில் போய் உட்காருகிறது. அப்படியே வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் விரிந்து ஆவிக்குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குப் போகிறது. ஆசிரியை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரவுண்டாகத்தான் போட்டிருக்கிறார். பணம் எண்ணிக் கொடுக்க வசதி என்பதுதான் காரணம். பில்லைப் பைசாவோடு யு.பி.ஐ.யில் கட்டிவிடும் காலத்தில் அந்த வசதிக்கும் தேவையில்லை. பங்கில் வேலை செய்யும் பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாம்தான் 'ஆட்டோ கட் போதும், தம்பி' என்று சொல்லப் பழக வேண்டும்.

கேனிஸ்டரையும் பர்ஜ் வால்வையும் சேர்த்தே மாற்றினோம். ஊறிய கேனிஸ்டரை வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கரி உடைந்து பொடியாகிவிட்டால் புது வால்வையும் அது அடைக்கும், அதனால் நான் அந்த வழிக்குப் போவதில்லை. ஆவிக்குழாய்களைக் கழற்றி, பொடி போகும்வரை ஊதி எடுத்தோம். டேங்க் பக்கத்து இணைப்புகளைச் சோதிக்க ஒரு முனையை அடைத்து, கைப்பம்ப்பால் மிக லேசாகக் காற்று கொடுத்து, சோப்புத்தண்ணீர் தடவிப் பார்த்தோம். கம்ப்ரஸர் காற்றை டேங்குக்குள் விடக் கூடாது. டயருக்கு விடும் அழுத்தத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு போதும். அதற்கு மேல் போனால் நன்றாக இருக்கும் இணைப்பும் விட்டுவிடும்.

சரிபார்த்தது

முதல் கட் வரை பெட்ரோல் போட்டு அதே சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினோம். போல்ட்களைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்தோம். ராத்திரி முழுவதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காலையில் ஆசிரியையையும் மாமியாரையும் வரவழைத்து அவர்களையே கதவைத் திறக்கச் சொன்னேன். நாள் முழுவதும் பெட்ரோலோடு இருக்கும் என் மூக்கை இதற்கு நம்ப முடியாது. வாடை இல்லை. டிஷ்யூவில் கறை இல்லை. பங்கில் நிறுத்தி எடுத்தபோது முதல் செல்ஃபிலேயே கிளம்பியது. ட்ரிம் ஓரிரு புள்ளிகளுக்குள் ஆடியது. அவர்களோடு வண்டலூர் மேம்பாலம் வரை போய் வந்தேன். மாமியார் பின் சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

கொடுக்கும்போது சொன்னவை இவ்வளவுதான். முதல் கட்டோடு நிறுத்துங்கள். இனி எப்போதாவது வாடை வந்தால் பெட்ரோலைக் குறைக்காமல் அப்படியே வண்டியைக் கொண்டுவாருங்கள். வண்டிக்கு அடியிலோ சீட்டுக்கு அடியிலோ ஈரமாகப் பார்த்தால் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், திறந்த இடத்தில் நிறுத்திவிட்டு போன் பண்ணுங்கள், நாங்கள் வருகிறோம்.

தீபாவளிக்கு முன்னால் ஆயில் மாற்ற வந்திருந்தார். பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், டேங்க் மேல் தூசி சீராகப் படிந்திருந்தது. புதிதாக மரை வெட்டிய போல்ட்டும் தளரவில்லை. இருந்தாலும் அடுத்த இரண்டு சர்வீஸிலும் அந்த ஒரு போல்ட்டைப் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுதி வைத்திருக்கிறேன்.